ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வேலை, லினக்ஸ், இணையப் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெட்டை வைத்து முழுநேர வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். முதலில் கீபோர்டு, பிறகு லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்), கடைசியில் போன் பேசுவது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. லேப்டாப்பே வேண்டாம், டேப்லெட் மட்டும் போதும்னு இருந்துடலாமா?

உங்கள் நாள் எதில் கழிகிறது என்பதைப் பொறுத்தது. எழுதுவது, படிப்பது, மின்னஞ்சல், கணக்குத் தாள், தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பது, கூட்டங்களில் பேசுவது என்று போகிறதென்றால் தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள், பெரிய வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்றவை அன்றாடம் தேவையென்றால் போதாது. அவற்றை டேப்லெட்டில் வம்படியாக ஓட்ட வைப்பதில் போகும் நேரத்துக்குப் பலன் கிடைக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. திரை, தொடுதல், கேமரா, மைக், பேச்சு இதெல்லாம் ஆண்ட்ராய்டின் வேலை. எழுத்து, ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு), கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் நிரல்), சர்வர் இதெல்லாம் லினக்ஸின் வேலை. அதது தன் வேலையைச் செய்யும்வரை டேப்லெட் அருமையான கருவி. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிவருகிறது.

2. வாங்கும்போது எதைப் பார்க்கணும்? ரேம் எவ்வளவு இருந்தா நல்லது?

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் திரை) மட்டும் வேலை என்றால் 4 ஜிபி ரேமில் சமாளிக்கலாம். லினக்ஸ் டெஸ்க்டாப், பத்துப் பதினைந்து பிரவுசர் டேப்கள், நடுவில் வீடியோ கூட்டம் என்றால் 8 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள். சேமிப்பகம் 128 ஜிபி இருந்தால் நிம்மதி.

ரேமைவிட முக்கியமான ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. விலை குறைந்த டேப்லெட் சிலவற்றில் சிப் 64 பிட், ஆனால் அதில் ஏற்றியிருக்கும் ஆண்ட்ராய்டு 32 பிட். லினக்ஸ் பக்கம் போகும்போது இது காலை வாரிவிடும். இன்று பல நிரல்கள் 64 பிட் ஏஆர்எம் வகைச் சிப்புக்கு மட்டுமே வெளிவருகின்றன. வெளித்திரையில் இணைக்கும் எண்ணம் இருந்தால் யுஎஸ்பி-சி துளை வழியாகப் படம் வெளியே வருமா என்றும் கேளுங்கள். துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், பல டேப்லெட்களில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றுவதற்கும் மட்டுமே. அப்புறம், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

3. கீபோர்டு கட்டாயமா? என் கீபோர்டுல எஸ்கேப் கீயே இல்லையே!

கட்டாயம். திரையில் வரும் கீபோர்டு பாதித் திரையை விழுங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு நீளமாக எழுத முடியாது. புளூடூத் கீபோர்டு, யுஎஸ்பி கீபோர்டு இரண்டுமே எந்த டிரைவரும் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். மவுஸும் அப்படியே. ஆல்ட்-டேப் அழுத்தினால் ஆப் மாறும். சர்ச் அல்லது விண்டோஸ் குறியுள்ள விசையோடு சாய்கோட்டை அழுத்தினால், அப்போது வேலைசெய்யும் குறுக்குவிசைகளின் பட்டியல் வரும்.

எஸ்கேப் இல்லாத கீபோர்டுக்கும் வழி இருக்கிறது. டெர்மக்ஸில் (6-ஆம் கேள்வி) திரையின் அடியில் எஸ்கேப், கண்ட்ரோல், ஆல்ட், டேப் எல்லாம் அடங்கிய கூடுதல் வரிசை உண்டு. வால்யூமைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி எழுத்தைத் தட்டினால் அது கண்ட்ரோலாக வேலைசெய்யும். கூட்டும் பொத்தானோடு ஆங்கில 'இ' (E) விசையைத் தட்டினால் எஸ்கேப். விம் என்ற எடிட்டரைப் பழகியவர்களுக்கு இது பெரிய உதவி.

4. தமிழ்ல டைப் பண்ண முடியுமா? டெர்மினல்ல எழுத்து உடைஞ்சு வருதே?

ஆண்ட்ராய்டு ஆப்களில் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை. ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் போதும்; தமிழ்99 பழகியவர்கள் அதைத் தரும் கீபோர்டு ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

டெர்மினல் கதை வேறு. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் கட்டப்பட்டது அது. 'கொ' போல ஒரே எழுத்தின் குறிகள் இரண்டு பக்கமும் வந்து உட்காருவதை அந்தக் கட்டக் கணக்கு தாங்காது. கோப்புக்குள் தமிழ் சரியாகத்தான் இருக்கும், காட்டுவதில்தான் கோளாறு. அதனால் தமிழ்க் கட்டுரையை ஆண்ட்ராய்டு எடிட்டரில் எழுதுங்கள், அதைக் கிட்டில் சேர்ப்பது, வடிவம் மாற்றுவது போன்றவற்றை டெர்மினலில் செய்யுங்கள். டெபியன் (லினக்ஸின் ஒரு வகை, 7-ஆம் கேள்வி) டெஸ்க்டாப்பில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

5. ஆண்ட்ராய்டே லினக்ஸ்தானே? அப்புறம் எதுக்குத் தனியா ஒரு லினக்ஸ்?

கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லினக்ஸ்தான். அதற்கு மேலே இருப்பது முழுக்க வேறு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் நிரல்கள் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நூலகத்தை நம்பி நிற்பவை. ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் பயோனிக் என்ற வேறொன்று இருக்கிறது. கோப்புறை அமைப்பும் வேறு. ஒவ்வொரு ஆப்பும் தனிப் பயனர் போலத் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும், ரூட் அதிகாரம் (கருவி முழுவதையும் ஆளும் உச்ச அனுமதி) உங்களிடம் கிடையாது. எனவே சாதாரண லினக்ஸ் நிரலைக் கொண்டுவந்து நேரடியாக இயக்கினால் ஓடாது. நடுவில் ஒரு ஏற்பாடு தேவை.

6. அந்த ஏற்பாடுதான் டெர்மக்ஸா? பிளே ஸ்டோர்ல இருக்கிறதையே போட்டுக்கலாமா?

ஆமாம். டெர்மக்ஸ் ஒரு டெர்மினல் ஆப். பயோனிக்குக்கு ஏற்ப மறுபடி தொகுக்கப்பட்ட ஏராளமான லினக்ஸ் நிரல்களை அதன் களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்: பைத்தான், கிட், விம், எஸ்.எஸ்.எச் (தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைவதற்கு), எஃப்எஃப்எம்பெக், நோட் எல்லாம் உண்டு. பலருக்கு இதுவே போதும், டெபியன்வரை போகவே வேண்டியதில்லை.

எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்திலோ கிட்ஹப் தளத்திலோ இருக்கும் பதிப்பைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, புதிய விதிகளின்படி வரும் ஆப்கள் தங்கள் கோப்புறையில் இறக்கிய நிரலை இயக்க முடியாது. டெர்மக்ஸ் செய்வதே அதைத்தான். அதனால் முதன்மைப் பதிப்பு பழைய விதியிலேயே நின்று பிளே ஸ்டோருக்கு வெளியே வளர்கிறது. பிளே ஸ்டோரில் இருப்பது தனிக் கிளை, நடத்தையும் வேறு. இன்னொன்று: டெர்மக்ஸை எங்கிருந்து எடுத்தீர்களோ, அதன் துணை ஆப்களையும் அங்கிருந்தே எடுங்கள். ஆப்பின் டிஜிட்டல் கையொப்பம் மாறினால் ஒன்றோடொன்று சேராது.

7. டெபியன், உபுண்டு போடணும்னா ரூட் பண்ணியே ஆகணுமா?

வேண்டாம். டெர்மக்ஸில் புரூட்-டிஸ்ட்ரோ என்ற நிரலை நிறுவி, அதனிடம் டெபியன் வேண்டும் என்று சொன்னால் இறக்கி வைத்துவிடும். புரூட் என்ன செய்கிறதென்றால், உள்ளே ஓடும் நிரல் கர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் இடைமறித்து, பாதைகளை மாற்றிக் கொடுத்து, உண்மையான டெபியனுக்குள் ரூட்டாக இருப்பது போல அதை நம்பவைக்கிறது. இந்த இடைமறிப்புக்கு விலை வேகம். கணக்குப் போடும் வேலைகளில் அவ்வளவு தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறந்து மூடும் வேலையில், உதாரணமாகப் பெரிய தொகுப்புகளை நிறுவும்போது, நன்றாகவே தெரியும்.

உண்மையான ரூட் இல்லாததால் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடாது, கர்னல் மாடியூல் ஏற்ற முடியாது, 1024-க்குக் கீழான எண்ணுள்ள போர்ட்களை (நெட்வொர்க் வாசல்களை) திறக்க முடியாது. அதற்காக ரூட் பண்ணலாமா என்றால், வேலைக்கு நம்பியிருக்கும் டேப்லெட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காகப் பூட்லோடரை (இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க நிரலை) திறக்கும்போது தரவு முழுவதும் அழியும். வங்கி ஆப்கள் பல அதற்குப் பிறகு திறக்க மறுக்கும்.

8. டெஸ்க்டாப் மாதிரி விண்டோ விண்டோவா வருமா?

வரும். டெபியனுக்குள் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பை நிறுவி, டெர்மக்ஸ் எக்ஸ்11 என்ற துணை ஆப் வழியாகத் திரையில் காட்டலாம். விஎன்சி (திரையை நெட்வொர்க் வழியாகக் காட்டும் முறை) வழியும் உண்டு, அது கொஞ்சம் மந்தம். லிபர் ஆபீஸ், கிம்ப் எல்லாம் திறக்கும். விரலுக்கு ஏற்ற அளவில் பொத்தான்கள் இருக்காது, மவுஸ் இல்லாமல் கஷ்டம்.

நான் பார்த்தவரை, ஆசை தீர ஒரு வாரம் அதைத் திறந்து பார்க்கிறார்கள், பிறகு டெர்மினலுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆவணம் திருத்த லிபர் ஆபீஸை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா ஆபீஸ் ஆண்ட்ராய்டுக்கே இருக்கிறது. விஎஸ் கோடு (நிரல் எழுதும் எடிட்டர்) வேண்டுமென்றால் கோடு-சர்வரை லினக்ஸில் ஓட்டி ஆண்ட்ராய்டு பிரவுசரில் திறக்கலாம். திரை ஆண்ட்ராய்டிடம், நிரல் லினக்ஸிடம். முதல் பதிலில் சொன்ன பங்கீடு இதுதான். சாம்சங் டேப்லெட் என்றால் டெக்ஸ் பயன்முறையில் ஆண்ட்ராய்டு ஆப்களே தனித்தனி ஜன்னல்களாக வரும், அதைத் தொட்டுப் பார்க்காமல் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குப் போகாதீர்கள்.

9. புது ஆண்ட்ராய்டுல லினக்ஸ் டெர்மினல் உள்ளேயே வருதாமே? அப்போ டெர்மக்ஸ் எதுக்கு?

உண்மைதான். 2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்ஸல் கருவிகளுக்கு ஆண்ட்ராய்டு 15 வழியாக அதைக் கொடுத்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (செட்டிங்ஸில் நிரலாளர்களுக்கான மறைந்த பகுதி) லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்பதை இயக்கினால் டெர்மினல் ஆப் வரும். உள்ளே ஓடுவது மெய்நிகர் கணினியில் (கருவிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) உள்ள அசல் டெபியன். தனக்கென்று ஒரு கர்னலும் உண்மையான ரூட்டும் இருப்பதால் புரூட்டின் இடைமறிப்பு கிடையாது.

ஆனால் சிப்பும் தயாரிப்பாளரும் மெய்நிகர் வசதியைத் திறந்துவிட்டிருந்தால்தான் அந்த ஆப்ஷனே கண்ணில் படும். உங்கள் டேப்லெட்டில் ஆண்ட்ராய்டு 15 அல்லது 16 இருந்தும் அது காணவில்லை என்றால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை, அந்தக் கருவியில் கொடுக்கப்படவில்லை. இருந்தாலும், மெய்நிகர் கணினி தனக்கென்று ஒரு பங்கு ரேமை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கருவியில் டெர்மக்ஸே இலகுவானது.

10. ஆண்ட்ராய்டையே அழிச்சுட்டு உபுண்டு போட்டா என்ன?

லேப்டாப் போல எந்த டேப்லெட்டிலும் ஒரே நிறுவல் கோப்பைப் போட முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வன்பொருள் விவரக் கோப்பும் டிரைவர்களும் வேண்டும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற திட்டங்கள் சில மாடல்களுக்குச் செய்துவைத்திருக்கின்றன. அவற்றிலும் கேமரா, ஒலி, தூக்கம் என்று ஏதாவது ஒன்று வேலைசெய்யாமல் இருப்பது சகஜம். பழைய டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தால் செய்து பார்க்கலாம். வேலைக்கு வைத்திருப்பதில் வேண்டாம்.

11. நடுவுல "சிக்னல் 9"னு வந்து எல்லாம் செத்துப்போகுது. என்ன தப்பு பண்ணேன்?

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து, ஆப்கள் கிளப்பிவிடும் துணைச் செயல்கள் எல்லா ஆப்களையும் சேர்த்து 32-ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டு அவற்றைக் கொல்ல ஆரம்பிக்கும். ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப் வந்து நிற்பதற்குள் அந்த எண்ணிக்கையை எளிதாகத் தொட்டுவிடும். டெர்மக்ஸில் தெரியும் 'சிக்னல் 9' என்பது வெளியிலிருந்து கொல்லப்பட்டதன் அடையாளம், நிரலின் பிழை அல்ல.

ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் சைல்டு பிராசஸ் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. 12, 13-இல் ஏடிபி (ஆண்ட்ராய்டுக்கு வெளியிலிருந்து கட்டளை கொடுக்கும் கருவி) கட்டளை வழியாகத்தான் நிறுத்த வேண்டும். அதற்குத் தனிக் கணினி தேவையில்லை: டேப்லெட்டில் வயர்லெஸ் டீபக்கிங்கை இயக்கி, டெர்மக்ஸில் ஏடிபியை நிறுவி, டேப்லெட் தன்னோடு தானே இணைந்துகொள்ளலாம்.

இதோடு இரண்டு அமைப்புகளையும் பாருங்கள். டெர்மக்ஸ் அறிவிப்பில் உள்ள வேக்லாக் பொத்தானை அழுத்தினால் திரை அணைந்தாலும் சிப் தூங்காது. செட்டிங்ஸில் டெர்மக்ஸின் பேட்டரி பயன்பாட்டை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் சொந்தமாக ஒரு பேட்டரி காவலை வைத்திருப்பார்கள், அதிலும் விலக்குக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வேக்லாக்கை விடுவிக்க மறக்காதீர்கள். விடாவிட்டால் காலையில் பேட்டரி காலி.

12. டெர்மக்ஸ்ல இருக்கிற ஃபைல் வேற ஆப்ல தெரியல. டவுன்லோட்ஸ்ல வச்ச ஸ்கிரிப்ட் ஓடவே மாட்டேங்குது.

இரண்டும் ஒரே காரணம். டெர்மக்ஸின் வீட்டுக் கோப்புறை அதன் சொந்த அறை, மற்ற ஆப்கள் நேரடியாக எட்டிப்பார்க்க முடியாது. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பொது இடம். டெர்மக்ஸின் சேமிப்பக அனுமதிக் கட்டளையை ஒருமுறை இயக்கினால் அங்கே போகலாம். ஆனால் அந்தப் பொது இடத்தில் கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்க முடியாது, குறியீட்டு இணைப்பும் உருவாக்க முடியாது. அதனால் ஸ்கிரிப்ட்களும் கிட் களஞ்சியங்களும் வீட்டுக் கோப்புறையில் இருக்கட்டும், முடிந்த ஆவணத்தை மட்டும் பொது இடத்துக்கு நகலெடுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: டெர்மக்ஸை நீக்கினால் அதன் வீட்டுக் கோப்புறையும் கூடவே அழியும். உள்ளே போட்ட டெபியனும் சேர்ந்துதான். ஏதோ கோளாறு, எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்று பழக்கதோஷத்தில் கை போவதற்குள், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி டேப்லெட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

13. சர்வர்ல வேலை பார்க்கும்போது வைஃபை போச்சுன்னா மொத்தமும் போயிடுதே?

எஸ்.எஸ்.எச் இணைப்பு ஐபி முகவரி மாறினால் அறுந்துவிடும். டேப்லெட்டோடு நடமாடும்போது அது அடிக்கடி மாறும். சர்வரில் டீமக்ஸ் என்ற நிரலைத் திறந்து அதற்குள் வேலை பாருங்கள். இணைப்பு போனாலும் அங்கே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம். இன்னும் சௌகரியம் வேண்டுமென்றால் எஸ்.எஸ்.எச்சுக்குப் பதிலாக மோஷ் என்ற நிரல். அது யுடிபியில் (நிலையான இணைப்பைப் பிடித்துவைக்காமல் தரவை அனுப்பும் முறை) இயங்குவதால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு தானாகத் தொடரும். சர்வரிலும் மோஷ் இருக்க வேண்டும், யுடிபி 60000-இலிருந்து 61000 வரையிலான போர்ட்கள் திறந்திருக்க வேண்டும்.

14. சிம் போட வழியில்லாத டேப்லெட். இதுல போன் பேச முடியுமா?

முடியும், மூன்று விதத்தில். ஆப்பிலிருந்து அதே ஆப்புக்குப் பேசுவது முதலாவது. வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் துணைக் கருவியாக இணைக்கலாம். கணக்கைத் தொடங்க மட்டும் எண்ணுள்ள போன் வேண்டும். ஜிட்சி மீட் என்றால் எண்ணே தேவையில்லை, இணைப்பை அனுப்பினால் போதும். இரண்டாவது, எஸ்.ஐ.பி (இணையத்தில் அழைப்புகளை ஏற்படுத்தும் பொது முறை) கணக்கிலிருந்து எஸ்.ஐ.பி கணக்குக்கு, முகவரி மின்னஞ்சல் போலவே இருக்கும், லின்ஃபோன் என்ற ஆப் இலவசக் கணக்குத் தருகிறது. மூன்றாவது, எஸ்.ஐ.பி சேவை நிறுவனம் ஒன்றில் பணம் கட்டி, சாதாரண தொலைபேசி எண்களுக்கு அழைப்பதும் அங்கிருந்து வாங்குவதும். இந்த மூன்றாவதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. சில நாடுகள் கட்டுப்படுத்தியிருக்கின்றன, உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஸ்கைப் இருக்கிறதே என்று இன்னும் கேட்கிறார்கள்: 2025 மே 5 அன்று அது மூடப்பட்டுவிட்டது.

அவசர உதவி எண்ணுக்கு இவற்றில் எதையும் நம்பாதீர்கள். அழைப்பு போகாமல் போகலாம், போனாலும் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். சிம் உள்ள சாதாரண போன் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

15. செட்டிங்ஸ்ல "இன்டர்நெட் காலிங்"னு இருக்கும்னு சொன்னாங்க, எனக்குக் காணோமே?

உங்களுக்குச் சொன்னவர் பழைய ஆண்ட்ராய்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.3-இல் எஸ்.ஐ.பி வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டது. போன் ஆப்பின் அமைப்புகளில் கணக்கைப் போட்டால் போதும். ஆண்ட்ராய்டு 12-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது தனி ஆப்தான் வழி: லின்ஃபோன், பேர்சிப் போன்றவை. நடந்தது நல்லதுக்குத்தான், உள்ளிருந்த வசதியைவிட இவற்றில் மறையாக்கமும் குரல் தரமும் மேல்.

16. ஒரு நிமிஷம் பேசினா எவ்வளவு டேட்டா போகும்?

கணக்கு எளிது. பழைய ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு தரவுப் பொட்டலம் வீதம் நொடிக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றின் தலைப்பிலும் 40 பைட். அதற்கு இன்னொரு 16 கிலோபிட். ஆக ஒரு திசைக்கு 80, இரண்டு திசைக்கும் 160 கிலோபிட். நிமிஷத்துக்குச் சுமார் 1.2 எம்பி. ஓபஸ் கோடெக்கை 24 கிலோபிட்டில் வைத்தால் அதில் சரிபாதி, நிமிஷத்துக்கு 0.6 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 36 எம்பி. குரலோ ஜி.711-ஐவிடத் தெளிவு. ஆப்பின் கோடெக் பட்டியலில் ஓபஸை மேலே வையுங்கள்.

வீடியோவைச் சேர்த்தால் கதையே மாறும்: திசைக்கு ஒரு மெகாபிட் என்றாலே நிமிஷத்துக்கு 15 எம்பி. பேச்சுக்கு வேகத்தைவிடத் தாமதமே முக்கியம். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நேரில் பேசுவது போல இருக்கும். கூடக்கூட இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட ஆரம்பிப்பார்கள்.

17. நான் கூப்பிட்டா போகுது. எனக்கு வர்ற கால் மட்டும் அடிக்கவே மாட்டேங்குது.

திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும் ஆண்ட்ராய்டு 'டோஸ்' என்ற தூக்கத்துக்குப் போகிறது, 6.0-இலிருந்து உள்ள ஏற்பாடு. அப்போது ஆப்பின் நெட்வொர்க் நிறுத்தப்படும், சர்வர் அனுப்பும் அழைப்பு உங்களை எட்டாது. திரையை எழுப்பியதும் 'தவறிய அழைப்பு' என்று வரிசையாக வந்து விழுந்தால் காரணம் இதுவேதான்.

வழி இரண்டு. கூகுளின் புஷ் அறிவிப்பு வழியாக ஆப்பைத் தட்டியெழுப்பும் சேவையைப் பயன்படுத்துவது நல்ல வழி. ஆப்பும் சர்வரும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். இல்லையென்றால் 11-இல் டெர்மக்ஸுக்குச் செய்த அதே பேட்டரி விலக்கை இந்த ஆப்புக்கும் கொடுத்து, இணைப்பை யுடிபியிலிருந்து டிசிபி (நிலையான இணைப்பைப் பிடித்துவைக்கும் முறை) அல்லது டிஎல்எஸ்ஸுக்கு (அதன் மறையாக்க வடிவம்) மாற்றுங்கள். டிசிபியில் இணைப்பை உயிரோடு வைக்க அடிக்கடி தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, பேட்டரிக்கும் நல்லது. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுமதி தனியாகக் கேட்கப்படும். முதல்முறை அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தாலும் மணி அடிக்காது.

18. நான் பேசுறது அவருக்குக் கேட்குது. எனக்குத்தான் ஒண்ணுமே கேட்கல.

எஸ்.ஐ.பியில் அழைப்பு ஏற்பாடு ஒரு பாதையில் போகும், குரல் வேறு பாதையில் போகும். அதனால்தான் மணி அடித்தும் பேச்சு வராமல் போகிறது. உங்கள் ரவுட்டர் அடுக்குமாடி வாசல் காவலாளி மாதிரி: உள்ளிருந்து யார் வெளியே போனாலும் விடுவார், வெளியிலிருந்து வருபவர் எந்த வீட்டுக்கு என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் ஆப் 'என் முகவரி 192.168 என்று தொடங்கும் இது' என்று உள்முகவரியைச் சொல்லிவைத்தால் எதிர்முனையின் குரல் உங்களைத் தேடி வரவே முடியாது.

ஆப்பில் ஸ்டன் சர்வரை (உங்கள் வெளிமுகவரியைச் சொல்லும் சர்வர்) கொடுத்து ஐஸ் வசதியை (குரலுக்கு வழி தேடும் முறை) இயக்குங்கள். அப்படியும் ஆகாவிட்டால் குரலை நடுவில் வாங்கிக் கொடுக்கும் டர்ன் சர்வர் தேவைப்படும். ரவுட்டரில் எஸ்.ஐ.பி ஏஎல்ஜி என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் அதை அணையுங்கள். உதவிக்கென்று வைத்தது, பெரும்பாலும் பொட்டலத்துக்குள் கையை விட்டு முகவரியைக் கெடுத்துவிடும். நேர்மாறாக, அவருக்கு உங்கள் குரல் கேட்கவில்லை என்றால் முதலில் மைக் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து மேலிருந்து இழுக்கும் பலகையில் மைக்கை மொத்தமாக அணைக்கும் பொத்தானும் உண்டு.

19. புளூடூத் ஹெட்செட்ல பாட்டு அருமையா இருக்கு, கால் வந்தா மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஏன்?

பாட்டு ஒருவழிப் பயன்முறையில் வருகிறது. மைக் தேவைப்பட்ட உடனே ஹெட்செட் இருவழிப் பயன்முறைக்கு மாறும். அதில் குரல் பழைய கருவிகளில் 8 கிலோஹெர்ட்ஸ், புதியவை பலவற்றில் 16 கிலோஹெர்ட்ஸ் என்ற, ஒலியை மாதிரி எடுக்கும் வேகத்தில்தான் போகும். ஓபஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசி ஒரு மீட்டரில் தரம் போய்விடுகிறது. முக்கியமான பேச்சுக்குக் கம்பி ஹெட்செட்டே மேல். டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கரில் பேசினால் எதிர்முனையில் எதிரொலி கேட்க வாய்ப்பு அதிகம்.

20. லினக்ஸ் உள்ளேயே போன் சாஃப்ட்வேர் போட்டுப் பேசலாமா?

நிறுவ முடியும், பேசுவதுதான் கடினம். புரூட்டுக்குள் ஓடும் நிரலுக்கு ஒலி வன்பொருளைத் தொட வழியில்லை. பல்ஸ்ஆடியோ என்ற ஒலி நிரலை டெர்மக்ஸில் ஓட்டி உள்ளூர் நெட்வொர்க் வழியாக ஒலியை வெளியே கொண்டுவரலாம், ஆனால் மைக் பக்கம் ஒவ்வொன்றும் போராட்டம், தாமதமும் சேரும். 17-இல் சொன்ன புஷ் எழுப்பலும் கிடைக்காது. பேச்சை ஆண்ட்ராய்டு ஆப்புக்கு விட்டுவிடுங்கள்.

21. சரி, டேப்லெட்டையே ஆஸ்டெரிஸ்க் போட்டு எக்ஸ்சேஞ்சா மாத்திட்டா?

ஆஸ்டெரிஸ்க் என்பது கணினியைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக மாற்றும் நிரல். கற்றுக்கொள்ள அருமையான வழி. எஸ்.ஐ.பியின் வழக்கமான போர்ட் 5060. 1024-க்கு மேலே இருப்பதால் 7-இல் சொன்ன தடை இங்கே குறுக்கே வராது. டெபியனுக்குள் ஆஸ்டெரிஸ்க்கை நிறுவி, ஒரே வைஃபையில் உள்ள இரண்டு போன்களை அதில் பதிவுசெய்து ஒன்றிலிருந்து ஒன்றை அழைத்தால், மேலே சொன்ன ஏற்பாடுப் பாதை, குரல் பாதை எல்லாம் பதிவேட்டில் வரி வரியாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நிரந்தர எக்ஸ்சேஞ்சாக வேண்டாம். தூங்கும், ஐபி மாறும், நாள் முழுக்க நூறு சதவீதச் சார்ஜில் செருகி வைத்தால் பேட்டரியும் சீக்கிரம் தேயும். அந்த வேலைக்கு ஒரு சின்ன வாடகை சர்வரை எடுத்து, 13-இல் சொன்னபடி டேப்லெட்டிலிருந்து நிர்வகியுங்கள்.

22. எல்லாத்தையும் இதுலயே வச்சிட்டேன். டேப்லெட் தொலைஞ்சா என்ன ஆகும்?

நல்ல திரைப்பூட்டு இருந்தால் தரவு உடனடியாக வெளியே போகாது. ஆண்ட்ராய்டு 10-ஓடு அல்லது அதற்குப் பிறகு வெளிவந்த கருவிகளில் சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. இருந்தாலும் டெர்மக்ஸில் உள்ள எஸ்.எஸ்.எச் சாவிக்கு (சர்வருக்குள் நுழைய உதவும் அடையாளக் கோப்பு) கடவுச்சொற்றொடர் போட்டு வையுங்கள். டேப்லெட்டுக்கென்று தனிச் சாவி இருக்கட்டும். தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் சர்வர்களிலிருந்து நீக்கினால் போதும், மற்றக் கணினிகள் பாதிக்கப்படாது.

பலர் மறப்பது எஸ்.ஐ.பி கணக்கை. அதன் கடவுச்சொல் கிடைத்தவர் உங்கள் பணத்தில் வெளிநாட்டு எண்களுக்கு இரவோடு இரவாக அழைத்துத் தீர்த்துவிட முடியும். எனவே முன்கூட்டியே சேவை நிறுவனத்தின் பக்கத்தில் செலவு வரம்பு வைத்து, அழைக்கத் தேவையில்லாத நாடுகளை அடைத்துவிடுங்கள். கணக்கில் தானாகப் பணம் நிரப்பும் வசதியையும் அணையுங்கள். டேப்லெட் காணவில்லை என்று தெரிந்த உடனே முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கடவுச்சொல், இரண்டாவது மின்னஞ்சல், மூன்றாவது சர்வர் சாவி. கூகுள் கணக்கில் உள்ள தொலைவிலிருந்து அழிக்கும் வசதியை அதற்குப் பிறகு இயக்கலாம். டேப்லெட் இணையத்தோடு இணைந்தால்தான் அது வேலைசெய்யும், அதனால் அதற்காகக் காத்திருந்து மற்றவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.